கரீபியன் குரூஸ்: கப்பலை விட்டு இறங்கியதும் வீல்சேரிலேயே சுற்ற எந்த ஊர் சரி?

டல்லாஸ்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து வீல்சேர்தான். கையால் தள்ளுகிற, மடக்கக்கூடிய சாதாரண வண்டி. பிடித்துக்கொண்டால் எழுந்து நிற்பார், இரண்டு எட்டு வைப்பார், படி ஏற முடியாது. தூத்துக்குடிக்காரர், கடலைப் பார்த்தாலே முகம் மாறிவிடும், அதனால்தான் குரூஸ் யோசனை.

இரண்டு வழி கையில் இருக்கிறது. ஒன்று மேற்கு வழி, மயாமியில் ஏறி கொசுமெல், பெலீஸ், கிராண்ட் கேமன். இன்னொன்று தெற்கு வழி, சான் யுவானில் ஏறி செயின்ட் தாமஸ், சின்ட் மார்ட்டென், குராசாவ், அரூபா. முதலாவது நன்றாகவே விலை குறைவு. கப்பலில் விற்கிற சுற்றுலாப் பட்டியலைப் பார்த்தேன், வீல்சேர் படம் போட்டவை ரொம்பக் கொஞ்சம், அவையும் லிஃப்ட் வைத்த பஸ்ஸில் நாலு மணி நேரம் உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தீவைப் பார்ப்பது. அது அப்பாவுக்கு ஒத்துவராது. இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே போய், ஏதாவது பார்த்து, எங்காவது உட்கார்ந்து குடித்துவிட்டுத் திரும்ப முடியுமா? எந்த ஊரில் முடியும்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கடற்கரைச்சாலை:
விலையை அப்புறம் பார்க்கலாம். முதலில் கப்பல் எங்கே நிற்கும் என்று பாருங்கள். வீல்சேர்காரருக்கு இதுதான் தலையாய கேள்வி, விளம்பரத்தில் இதைத்தான் பொடி எழுத்தில் போடுவார்கள்.

கிராண்ட் கேமனில் பெரிய கப்பல் கட்ட இறங்குதுறையே கிடையாது. ஜார்ஜ்டவுனுக்கு வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், சின்னப் படகில் ஆட்களை ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோவார்கள். டெண்டர் என்பது இதுதான். துறை கட்டலாமா என்று 2025 ஏப்ரலில் அங்கே மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், ஆகவே இப்போதைக்கு மாறப்போவதில்லை. பெலீஸ் சிட்டியும் அப்படியே, கடல் ஆழமில்லாததால் கப்பல் பல மைல் தள்ளி நிற்கும், படகுப் பயணமே இருபது நிமிடம் போல ஆகும். (பெலீஸ் என்று போட்டிருந்தாலும் சில கப்பல்கள் தெற்கே ஹார்வெஸ்ட் கே என்ற சொந்தத் தீவுக்குப் போகும், அங்கே துறை உண்டு. எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.)

டெண்டரில் என்ன சிக்கல் என்றால், கப்பலும் ஆடும் படகும் ஆடும், இரண்டும் ஒரே தாளத்தில் ஆடாது. நடுவில் ஒரு இடைவெளி, ஒரு படி. மின்சார வண்டியைப் பெரும்பாலும் ஏற்றவே மாட்டார்கள். கைவண்டி என்றால் ஆள் தானே எழுந்து ஓரிரு எட்டு வைக்கவேண்டும் என்பார்கள், அதுவும் அன்றைக்கு அலை எப்படி என்று பார்த்துத்தான், முடிவு கப்பல்காரர்கள் கையில். காலையில் போகலாம் என்றவர்கள் அரை மணியில் இல்லை என்று சொல்லலாம். ஹாலந்து அமெரிக்கா என்ற நிறுவனத்தின் கப்பல்கள் பலவற்றில் வீல்சேரோடு டெண்டரில் இறக்க ஒரு லிஃப்ட் ஏற்பாடு உண்டு, ஆனால் அங்கும் அலைதான் எஜமான்.

ஆக உங்கள் மேற்கு வழியில் மூன்று ஊரில் இரண்டு டெண்டர். கொசுமெல் ஒன்றுதான் உருப்படி. விலை குறைவுதான், அப்பா கப்பல் மேல்தளத்தில் உட்கார்ந்து தூரத்தில் தெரிகிற தீவைப் பார்க்கத்தான் அந்த விலை.

நாலுபேர்படை:
இவ்வளவு பயமுறுத்த வேண்டாம் சார். எங்கள் பாட்டியை கேமனுக்கு டெண்டரில் கூட்டிப்போனோம். மச்சான்கள் நாங்கள் நாலு பேர், வண்டியோடு தூக்கிவிட்டோம். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. மனம் இருந்தால் எல்லா இடமும் வீல்சேர் இடம்தான்.

மின்வண்டி:
பாட்டி ஒன்றும் சொல்லவில்லை என்பதை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நான் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவன், மின்சார வண்டியில் இருப்பவன், கல்யாண மண்டபத்திலிருந்து கோயில் வரை என்னைத் தூக்கியவர்கள் பட்டியல் பெரியது. தூக்குகிறவருக்கு அது வீரம். தூக்கப்படுகிறவருக்கு, வேட்டி விலகுகிறதா, இடுப்பு வழுக்குகிறதா, இவன் கை வியர்த்திருக்கிறதே, இதுதான். அதிலும் ஆடுகிற படகில். என் வண்டி பேட்டரியோடு நூறு கிலோவுக்கு மேல், அதை எந்த மச்சானும் தூக்க முடியாது, நல்லவேளை.

டல்லாஸ்வாசி, நீங்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. தெற்கு வழி எடுங்கள். குராசாவையும் அரூபாவையும் பற்றி நான் சொல்கிறேன், மற்ற ஊர்களை மற்றவர்கள் சொல்லட்டும்.

குராசாவில் வில்லெம்ஸ்டாட். பெரிய கப்பல் மெகா பியர் என்ற வெளித்துறையில் கட்டும், சிறியவை ஊருக்குள்ளேயே, செயின்ட் அன்னா விரிகுடா வாய்க்குள் போய்க் கட்டும். வெளித்துறையிலிருந்து நடந்தால் பத்து நிமிடம், தரை தளமிட்டது. ரிஃப் கோட்டை என்று ஒரு பழைய கடற்கோட்டை, இப்போது உள்ளே கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும், அதைக் கடந்தால் ஓட்ரோபாண்டா கரை. எதிரே புண்டா கரை, அந்த மஞ்சள் சிவப்பு நீலக் கட்டடங்கள் வரிசை, எல்லா விளம்பரத்திலும் பார்த்திருப்பீர்கள். இரண்டு கரைக்கும் நடுவில் குயின் எம்மா பாலம். 1888இல் முதலில் போட்டது, தெப்பங்களின் மேல் மிதக்கிற பாலம். வாகனம் கிடையாது, நடப்பவர்களுக்கும் நமக்கும் மட்டும். மேலே மரப்பலகை, வண்டி கடகட என்று போகும், ஆனால் போகும். கப்பல் வந்தால் மணி அடித்து, முழுப் பாலமும் ஒரு முனையில் ஊன்றிக்கொண்டு கதவு மாதிரி பக்கவாட்டில் திறந்துகொள்ளும். திறக்கும்போது நீங்கள் நடுவில் இருந்தால் அப்படியே பாலத்தோடு ஒரு சவாரி, யாரும் விரட்ட மாட்டார்கள். ஆரஞ்சுக் கொடி ஏறியிருந்தால் சீக்கிரம் மூடிவிடும், நீலக் கொடி என்றால் பெரிய கப்பல், அரை மணி கூட ஆகலாம். அப்போது இலவசப் படகு விடுவார்கள், ஆனால் வீல்சேரோடு அதற்கு முண்டியடிப்பதைவிடக் கரையில் ஒரு குளிர்பானத்தோடு உட்கார்ந்து பாலம் திறப்பதைப் பார்ப்பதே நல்ல பொழுதுபோக்கு. அந்தக் காலத்தில் செருப்புப் போட்டவர்களுக்குச் சுங்கம், வெறுங்கால்காரர்களுக்கு இலவசம் என்று ஒரு கதை சொல்வார்கள். கௌரவத்துக்காக ஏழைகள் செருப்பு இரவல் வாங்கிக் காசு கொடுத்தார்களாம், பணக்காரர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தார்களாம்.

புண்டாவுக்குள் பல தெருக்களில் வண்டி நடமாட்டம் இல்லை. கடை வாசலில்தான் ஒரு படி, அரைப்படி. 1732இல் கட்டிய யூதக் கோயில் ஒன்று இருக்கிறது, அழகு, ஆனால் உள்ளே தரை முழுக்க மணல் பரப்பியிருக்கிறார்கள், அது அவர்கள் மரபு. முன்சக்கரம் புதையும். கைவண்டி என்றால் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போகலாம், என் வண்டிக்கு வாசலோடு சரி.

அரூபாவில் துறையை விட்டு வெளியே வந்தாலே ஓரான்யெஸ்டாட் ஊர்தான், பஸ்ஸே வேண்டாம். தரை மட்டம். முக்கியத் தெருவைப் புதிதாகத் தளமிட்டு நடப்பவர்களுக்கு விட்டிருக்கிறார்கள், இலவச டிராம் ஒன்று அதன் வழியே போகும். எனக்குப் பிடித்தது கடலோரமாகப் போகிற லீனியர் பார்க். வில்ஹெல்மினா பூங்காப் பக்கம் ஆரம்பித்து விமான நிலையத் திசையில் போகிற நீளமான பாதை, ஒரு பக்கம் கடல். காற்று மட்டும் கிழக்கிலிருந்து ஓயாது, தீவின் மரங்களே ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருக்கும், தொப்பியைக் கட்டிக்கொள்ளுங்கள். போகும்போது எதிர்காற்று என்றால் பேட்டரியும் வேகமாக இறங்கும், தள்ளுகிறவர் தோளும் இறங்கும். நிழல் குறைவு, ஆகவே காலையிலேயே.

நாலுபேர்படை:
சரி அண்ணே, ஏற்றுக்கொள்கிறேன். பாட்டியிடம் இன்றைக்குப் போனில் கேட்டேன். "எவன் கேட்டான் என்னை?" என்றார்.

ரொறன்ரோ மாமி:
தம்பி, நாங்கள் மாமியாரைக் கூட்டிக்கொண்டு சின்ட் மார்ட்டென் போனனாங்கள், அவவுக்கு எண்பது தாண்டிவிட்டது, நடக்க ஏலாது. அந்த ஊரைப் பற்றி நான் சொல்கிறேன்.

கப்பல் கட்டுகிற இடம் பொயின்ற் பிளான்ச். அங்கிருந்து பிலிப்ஸ்பர்க் பட்டினம் ஏறக்குறைய ஒரு மைல். வீதியோரமாக நடைபாதை இருக்கிறது, மற்றவர்கள் வோட்டர் டாக்ஸியில் போவார்கள், அதில் ஏறி இறங்குவது எங்களுக்குச் சரிவராது. ஆறுதலாகத் தள்ளிக்கொண்டு போனோம், அரை மணித்தியாலம் போல. பட்டினத்துக்கு வந்ததும் கிரேட் பே கடற்கரை நெடுக போர்ட்வோக், கல் பதித்த அகலமான பாதை, வாகனம் வராது, ஒரு பக்கம் கடை, மற்றப் பக்கம் மணலும் கடலும். பாதை ஓரத்திலேயே குடை வாடகைக்குக் கிடைக்கும். மணலுக்குள் இறங்காமலே கடலுக்குப் பக்கத்தில் இருந்தவ. இளநீர் வாங்கிக் கொடுத்தோம், வல்வெட்டித்துறை இளநீர் போல இல்லை என்று ஒரு குறை, குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னவ.

பின்னால் ஃபிரண்ட் ஸ்ட்ரீட்டில் 1793ஆம் ஆண்டு நீதிமன்றக் கட்டடம், வெள்ளை, வடிவான மணிக்கூண்டு. அந்தத் தெரு ஒடுக்கம், நடைபாதை உயர்ந்து தாழ்ந்து இருக்கும், நாலைந்து கப்பல் வந்த நாளில் வண்டி தள்ள இடமே இராது. போர்ட்வோக்கில் போய் சந்து வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கடல்பக்கம் வந்துவிடுங்கள்.

விமானம் தலைக்கு மேலே பறக்கும் மாஹோ கடற்கரைக்குப் போகச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். அது தீவின் மற்றப் பக்கம், வாகன நெரிசலில் அகப்பட்டால் கப்பல் போய்விடும் என்ற பயம் வேறு. நாங்கள் போகவில்லை, குறையும் தெரியவில்லை.

டல்லாஸ்வாசி:
இவ்வளவு விவரமா! நன்றி. ஒரு கேள்வி, கேட்கக் கூச்சமாக இருக்கிறது: கழிவறை? அப்பாவுக்கு அவசரம் என்றால் நிஜமாகவே அவசரம்.

மின்வண்டி:
கூச்சம் வேண்டாம். துறைக்குப் பக்கத்திலேயே சுற்றுங்கள் என்று நான் ஒற்றைக்காலில் நிற்பதற்கு (நிற்கிற மாதிரிப் பேச மட்டும் முடியும்) இதுதான் முதல் காரணம். தீவில் அகலக் கதவும் கைப்பிடியும் உள்ள கழிவறை எங்கே என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம், உங்கள் கேபினில் இருக்கிறது. பத்து நிமிடத்தில் கப்பலுக்குத் திரும்பிவிடும் தூரம் என்றால் அது உங்கள் வீட்டுத் தெரு. காலையில் ஒரு சுற்று, மதியம் கப்பலில் சாப்பாடு, ஓய்வு, மாலை இன்னொரு சுற்று. பஸ் சுற்றுலாவில் இது நடக்குமா? பஸ்காரர் நிறுத்துகிற இடத்தில், அவர் சொல்கிற நேரத்தில். குழாய் போட்டிருப்பவர்கள், சர்க்கரைக்காரர்கள், மருந்து வேளை பார்க்க வேண்டியவர்கள், எல்லோருக்கும் இதே கணக்குதான்.

சின்ட் மார்ட்டெனில் மட்டும் அரை மணித் தூரம் என்பதால் கிளம்பும் முன் ஒருமுறை போய்விட்டுக் கிளம்புங்கள்.

கேபின் விஷயத்தில் ஒன்று: வீல்சேர் கேபின் என்று தனியாக இருக்கிறது, எண்ணிக்கை குறைவு, முதலில் தீர்வது அதுதான். சாதாரணக் கேபின் கதவில் உங்கள் வண்டி நுழையாமல் போகலாம். கப்பலையும் தேதியையும் அப்புறம் பாருங்கள், அந்தக் கேபின் எதில் இருக்கிறதோ அதுதான் உங்கள் கப்பல்.

கடற்கரைச்சாலை:
சான் யுவானில் ஏறுவதால் ஒருநாள் முன்னதாகப் போய் அங்கேயும் சுற்றலாம். பழைய சான் யுவான் தெருக்களில் நீலச் சாயலில் கற்கள் பாவியிருக்கும், இரும்பு உருக்கிய கசடில் வார்த்தவை, படத்தில் பிரமாதம், சக்கரத்துக்கு நரகம், போதாக்குறைக்கு ஏற்றம் வேறு. அந்தப் பக்கம் திரும்பாமல் துறையிலிருந்து பாசேயோ டெ லா பிரின்செசாவுக்குப் போங்கள். நகரத்தின் பழைய மதிலை ஒட்டி, மரநிழலில், சமதரையாகப் போகிற அகலமான நடைபாதை, முடிவில் கடலைப் பார்த்து ஒரு பெரிய சிற்ப நீரூற்று. மேட்டில் இருக்கிற கோட்டைகளைப் பார்க்க டாக்சி பிடித்து வாசலில் இறங்கலாம், உள்ளே எல்லாத் தளத்துக்கும் வண்டி போகாது.

சான் யுவானும் செயின்ட் தாமஸும் அமெரிக்க மண், 1990ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டம் அங்கே செல்லும். கப்பல்களைப் பொறுத்தவரை, வெளிநாட்டுக் கொடி பறந்தாலும் அமெரிக்கக் கடலில் இருக்கும்போது அந்தச் சட்டம் பொருந்தும் என்று 2005இல் ஸ்பெக்டர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது, கப்பலின் கட்டமைப்பையே மாற்றச் சொல்லமாட்டோம் என்ற மாதிரி விலக்குகளோடு. அரூபா டாக்சிக்காரரிடம் போய் இந்தச் சட்டத்தை நீட்டாதீர்கள்.

சட்டம் இருக்கிறது என்பதற்காக செயின்ட் தாமஸ் சுலபம் என்று நினைக்கவேண்டாம். அங்கே டாக்சி என்பது லாரியின் பின்னால் பெஞ்சு போட்ட திறந்த வண்டி, சஃபாரி என்பார்கள், ஏறுவதற்கு உயரப் படி. லிஃப்ட் வேன் வேண்டும் என்றால் ஊரிலிருந்தே முன்பதிவு. ஹாவென்சைட் துறையில் கட்டினால் வாசலிலேயே கடைத்தொகுதி, சமதரை, கடைக்குக் கடை ஏறி இறங்கலாம். நகைக்கடைதான் பாதி, மனைவியோடு போகிறவர்கள் ஜாக்கிரதை.

அந்தில்லஸ்வாசகன்:
யாரும் பிரெஞ்சுத் தீவுகளைச் சொல்லவில்லையே. மார்தினிக்கில் ஃபோர்-து-ஃபிரான்ஸ், கப்பல் புவான்த் சிமோனில் கட்டினால் இறங்கினதும் நகரம். கடலோர நடைபாதை, பக்கத்திலேயே லா சவான் பூங்கா, அதன் எதிரே ஷோல்ஷேர் நூலகம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்த இரும்புக் கட்டடம், வெளியிலிருந்து பார்த்தாலே போதும். வேறு துறையில் கட்டினால் தூரம், முதலிலேயே கேளுங்கள். நம்மவர்களுக்கு ஒரு தனி ஆர்வமும் உண்டு. 1853இல் ஒரேலி என்ற கப்பலில் ஆரம்பித்து புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகள் அங்கேயும் குவாதலூப்பிலும் இருக்கிறார்கள். கடையில் "கொலம்போ" என்று கேட்டால் நம் மசாலாவின் தூரத்து உறவு தட்டில் வரும். குவாதலூப்பில் கபெஸ்தெர் பக்கம் பெரிய கோயில் உண்டு, ஆனால் அது துறையிலிருந்து காரில் போகிற தூரம், இந்த இழைக்கு வெளியே.

டொமினிக்காவில் ரோசோ துறையும் ஊர் நடுவிலேயே. ஆனால் தெருவோரம் திறந்த சாக்கடை, நடைபாதை திடீரென்று முடியும். தாவரவியல் பூங்கா வரை டாக்சியில் போய் உள்ளே தார்ப்பாதையில் சுற்றலாம். 1979 டேவிட் புயலில் ஒரு பெருமரம் சாய்ந்து நசுக்கிய காலி ஸ்கூல் பஸ்ஸை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள், மரம் அதன் மேலேயே துளிர்த்து வளர்ந்திருக்கிறது.

சும்மாவந்தவன்:
கடலில் இறங்கவேண்டும் என்று அப்பா கேட்டால்? பார்த்தால் மட்டும் போதுமா தூத்துக்குடிக்காரருக்கு?

ரொறன்ரோ மாமி:
அதுக்குத்தான் தடிச்ச சக்கரம் வைத்த மணல் வண்டி இருக்கிறது. தானே உருட்ட ஏலாது, பின்னால் ஒருவர் தள்ளவேண்டும். டிஸ்னி கப்பல்கள் போகிற காஸ்ட்அவே கே தீவில் கப்பல் துறையிலேயே கட்டும், மணல் வண்டி இலவசம், முதலில் வருகிறவருக்கு. பார்படோஸிலும் மாற்றுத்திறனாளிகள் கவுன்சில் இந்த வேலையை நல்ல முறையில் செய்கிறது, முன்கூட்டி எழுதிக் கேட்கலாம். கிராண்ட் டர்க்கில் துறை முடிகிற இடத்திலேயே கடற்கரை, ஆனால் துறை நீளம், வெயிலில் தள்ளவேண்டும்.

மின்வண்டி:
கடைசியாகச் சில்லறை விஷயங்கள். கப்பலிலிருந்து துறைக்கு இறக்கும் சாய்பாலம் ஊருக்கு ஊர், தளத்துக்குத் தளம் சரிவு மாறும். இறங்கும்போது அப்பாவின் முதுகு கரைப்பக்கம் இருக்கட்டும், வண்டியைப் பின்னோக்கி இறக்குங்கள், கப்பல் ஆட்களே பிடித்துக்கொள்வார்கள், விட்டுவிடுங்கள், அவர்களுக்குப் பழக்கம். முதல் கூட்டம் இறங்கித் தீர்ந்தபின் போனால் நெரிசல் இல்லை. சின்ன முன்சக்கரம் உள்ள விமான நிலைய வகை வண்டியைக் கொண்டுபோகாதீர்கள், பலகை இடுக்கில் மாட்டும். ஒரு பஞ்சர் பெட்டியோ காற்றில்லாத டயரோ அவசியம், ஞாயிற்றுக்கிழமை தீவில் சைக்கிள் கடை திறந்திருக்காது.

டல்லாஸ்வாசி:
தெற்கு வழியையே போட்டுவிட்டேன், வீல்சேர் கேபின் ஒன்று மார்ச்சில்தான் கிடைத்தது, டிசம்பர் போனால் போகட்டும். அப்பாவிடம் குராசாவ் பாலத்தின் வீடியோவைக் காட்டினேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்தவர் அல்லவா, கப்பல் வந்தால் பாலத்தை எத்தனை நிமிடத்தில் திறக்கிறார்கள், எஞ்சின் எது என்று என்னைக் கேட்டுத் துளைக்கிறார். யாருக்காவது தெரியுமா?

மின்வண்டி:
டீசல் எஞ்சின், பாலத்தின் நகரும் முனையில் ஒரு சின்ன அறை, அதில் ஓட்டுநர். திறப்பதற்குச் சில நிமிடம்தான் ஆகும், கப்பல் கடந்து போகிற நேரம்தான் அதிகம். புண்டா கரை ஓரத்தில் வண்டியை நிறுத்தினால் எல்லாம் தெரியும்.